ஆடா, கடனா, காசா: இருபது குடும்பமும் முப்பது இலட்சமும்

போன மாதம் கனடாவிலிருந்து எங்கள் ஊர்ச் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். ஒன்றுகூடலில் சேர்ந்த காசு, இலண்டன்காரரும் சுவிஸ்காரரும் போட்டது எல்லாமாக முப்பது இலட்சம் ரூபா வரும். ஊரில் கஷ்டப்படுகிற இருபது குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும், குடும்பத்துக்கு ஒன்றரை இலட்சம். "அண்ணை, ஆடு குடுப்பமா, தையல் மெசின் குடுப்பமா, இல்லாட்டி சுழற்சிக் கடனா விடுவமா? அங்க நிக்கிற ஆள் நீங்கள்தானே, சொல்லுங்கோ" என்றார். காசாகவே கொடுத்தால் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கமிட்டி ஒத்துக்கொள்ளாது அண்ணை" என்றார்.

அந்தக் கமிட்டிக்காகத்தான் இதை எழுதுகிறேன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு பன்னிரண்டு வருடம் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வாழ்வாதாரத் திட்டங்களில் வெளிக்கள வேலை பார்த்தவன் நான். ஆடு கொடுத்திருக்கிறேன், கோழி கொடுத்திருக்கிறேன், காசும் கொடுத்திருக்கிறேன். கொடுத்த கடனை வசூலிக்கப் போய் நாய்க்கடியும் வாங்கியிருக்கிறேன்.

முதலில் ஒன்று. கையில் காசு கொடுப்பது வன்னிக்குப் புதிதில்லை. போர் முடிந்தபின் மெனிக் பாம் முகாமிலிருந்து சனம் திரும்பி வந்தபோது ஐ.நா.வின் அகதிகள் அமைப்பான யூ.என்.எச்.சி.ஆர். குடும்பத்துக்கு 25,000 ரூபா கொடுத்தது. பற்றை வெட்டியதும் கொட்டில் போட்டதும் கிணறு இறைத்ததும் அதில்தான். பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. முதல் ஆயிரம் வீட்டை ஒப்பந்தகாரர் கட்டினார்கள். 2012 ஒக்டோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறையை மாற்றி, ஐந்தரை இலட்சம் ரூபாவைத் தவணை தவணையாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே போட்டு, நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். அத்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் இன்னொன்று. வடக்கு கிழக்கில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அப்படி எழும்பின.

கிராமத்துச் சனத்தின் கையில் இவ்வளவு பெரிய தொகையைக் கொடுத்தால் வீடு வராது, கசிப்புப் போத்தல்தான் வரும் என்று அன்றைக்கும் சொன்னவர்கள் இருந்தார்கள். வீடுதான் வந்தது. ஆனால் கூடவே கடனும் வந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்க மணலும் கல்லும் மேசன் கூலியும் ஏறின. கொடுத்த தொகை ஏறவில்லை. 550 சதுர அடி என்று தொடங்கிய வீட்டில் "ஒரு அறை கூட இருந்தால் மகளுக்கு ஆகும்" என்று சுவரைத் தள்ளிப் போட்டவர்களும் உண்டு. தோடு அடகுக்குப் போனது, லீசிங்காரர் படலைக்கு வந்தார். இத்தனைக்குப் பிறகும், 2016இல் 65,000 இரும்பு வீடுகளைக் கொண்டுவந்து பொருத்தித் தருகிறோம் என்ற பேச்சு எழும்பியபோது எங்கள் பக்கத்துச் சனம் சொன்ன மறுமொழி, "அந்தக் காசைத் தாங்கோ, நாங்கள் கல்வீடு கட்டுறம்" என்பதுதான். கடன்பட்டவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

சரி, இப்போது ஆட்டுக்கு வருவோம்.

ஒன்றரை இலட்சத்துக்கு ஆடு கொடுப்பதென்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்தில் விலைக்கோரல் எடுக்க வேண்டும். லொறிக்கூலி, மிருக வைத்தியரின் சான்று, காதில் குத்தும் இலக்கத் தகடு, விழாவுக்குப் பந்தல், பெயர் எழுதிய பதாகை, வந்தவர்களுக்குச் சோடாவும் பணிசும். எல்லாம் அந்த ஒன்றரை இலட்சத்துக்குள்தான். போதாக்குறைக்கு, வாகனத்திலிருந்து கோவையோடு நாலு பேர் இறங்குவதைக் கண்டதுமே ஆட்டு வியாபாரி விலையைக் கூட்டிவிடுவார். அதே ஆட்டைப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் வேறு விலை.

விசுவமடுப் பக்கம் ஒரு விநியோகத்தில் ஒரு அம்மா தனக்கு வந்த ஆட்டைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். மடியைத் தடவினார். குளம்பைத் தூக்கி மணந்தார். பிறகு படிவத்தோடு நின்ற என்னைப் பார்த்து, "தம்பி, இதின்ர தாய் எத்தினை குட்டி போட்டது?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? லொறிக்காரருக்கும் தெரியாது. "பக்கத்து வளவில ஒரு மறி நிக்குது. ஈத்துக்கு ரெண்டு குட்டி. காசாத் தந்திருந்தா அதை வாங்கியிருப்பன்" என்று சொல்லிக்கொண்டே கையொப்பம் வைத்தார். அந்த ஆடு மூன்று மாதம் நின்றது. அதற்குப் பிறகு அதைப்பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பொருள் கொடுத்து நன்றாக வந்த இடங்களும் உலகத்தில் இருக்கின்றன. வங்காளதேசத்தில் பிராக் நிறுவனம் 2002இல் தொடங்கிய முறை ஒன்று உண்டு. மாடோ ஆடோ கொடுத்து, கொஞ்சக் காலத்துக்குச் சாப்பாட்டுச் செலவும் கொடுத்து, பயிற்சியும் கொடுத்து, வீட்டுக்கு ஆளும் அனுப்புவார்கள். அந்த முறையை ஆறு நாடுகளில் செய்து பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. பெரும்பாலும் நல்ல பலன். சறுக்கிய இடம் ஹொண்டூராஸ். அங்கே நிறையப் பேர் கோழியை எடுத்தார்கள், கோழிகள் நோயில் செத்துப்போயின. மழை தொடங்கக் கோழிக்கு நோய் விழுந்து ஒரு கிழமைக்குள் கூடு வெறுமையாகிப் போவதை வன்னியில் நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! அது கிடக்கட்டும். இந்த முறையில் ஆட்டுக்குச் சமமான வேலையை வீட்டுக்கு வந்துபோகும் ஆளும் செய்கிறார். உங்கள் சங்கத்தால் கிழமைக்குக் கிழமை ஒருவரை இரண்டு வருடத்துக்கு அனுப்ப முடியுமா? முடியாதென்றால் ஆட்டை மட்டும் கொடுத்துவிட்டு பிராக்கின் பலனை எதிர்பார்க்கக் கூடாது.

பொருளுக்கு ஒரே ஒரு நல்ல குணம் இருப்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆட்டைக் கைமாற்றாகக் கேட்க யாருக்கும் வாய் வராது, காசைக் கேட்பார்கள். கணவன் கேட்பார், தம்பி கேட்பார், கோயில் திருவிழாக்காரர் கேட்பார். கானாவில் சிறுதொழில் செய்யும் பெண்களை வைத்துச் செய்த ஆய்வொன்றில், பொருளாகக் கொடுத்தது அவர்களின் தொழிலில் தங்கியது, காசாகக் கொடுத்தது தங்கவில்லை.

நம் நாட்டிலும் இப்படி ஒரு ஆய்வு நடந்தது, கமிட்டியில் யாராவது கேட்டால் சொல்லுங்கள். சுனாமிக்குப் பிறகு, 2005இல் தொடங்கி, காலி, மாத்தறை, களுத்துறைப் பக்கத்துச் சிறு தொழில்காரர்களுக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபா கொடுத்தார்கள். பாதிப்பேருக்குப் பொருளாக, பாதிப்பேருக்குக் காசாக. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கொடுத்த முதலுக்கு மாதம் ஐந்து வீதமளவில் இலாபம் வந்தது, வங்கி வட்டியெல்லாம் அதற்குக் கிட்டவும் வராது. ஆனால் பெண்களைத் தனியாகப் பார்த்தால் சராசரியில் இலாபம் எதுவுமில்லை. பெண்களுக்குத் தொழில் தெரியாது என்று அதை வாசித்தவர்கள் உண்டு. பிறகு, 2019இல், வேறு சிலர் அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தார்கள். மனைவிக்குக் கொடுத்த காசு வீட்டில் கணவன் நடத்தும் தொழிலுக்குள் போயிருந்தது. வீட்டில் தொழில் செய்வது அவள் ஒருத்திதான் என்றால் ஆண்களுக்கு வந்த அதே இலாபம் அவளுக்கும் வந்தது. உங்கள் பட்டியலில் உள்ள இருபது வீட்டில் பாதிக்கு மேல் பெண் தலைமை தாங்கும் வீடுகள். கணவனின் தொழிலுக்குள் காசு போய்விடும் என்ற பயம் அந்த வீடுகளில் எங்கே இருக்கிறது?

தையல் மெசினைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ஒரு கிராமத்துக்கு ஆறு மெசின் கொடுத்தோம். அங்கே சட்டை தைக்கக் கொடுக்கிறவர்கள் அறுபது பேர்கூட இல்லை.

கடன். கமிட்டிக்கு இதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். காசு அழியாது, திரும்பி வரும், இன்னொருவருக்குப் போகும், "இலவசமாக் குடுத்துப் பழக்கக் கூடாது" என்ற பேச்சுக்கும் இடமில்லை. காகிதத்தில் பார்க்க வடிவான திட்டம். வன்னி நிலத்தில் அது என்னவாகும் என்று சொல்கிறேன்.

கடன் எடுத்த அடுத்த மாதமே தவணை தொடங்கும். புரட்டாதி, ஐப்பசியில் விதைத்த காலபோக நெல் தையில்தான் வீட்டுக்கு வரும். இடையில் தவணையை எங்கிருந்து கட்டுவது? கூலிக்குப் போய், அல்லது இன்னொரு கடன் எடுத்து. அறவிடும் பொறுப்பு சங்கப் பொருளாளருக்கு. அவர் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியது சித்தியிடமும் மச்சாளிடமும். இரண்டு சுற்று ஓடும். மூன்றாம் சுற்றில் காசு நாலைந்து வீட்டில் நின்றுவிடும், கோயிலில் கண்டால் முகம் பார்க்க மாட்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில கிழமைக்குள் 360 அளவுக்குப் போனது. அந்த வருடம் செப்டெம்பரில் விலைவாசி ஏற்றம் 70 வீதத்தைத் தொட்டது. ஒழுங்காகக் கட்டி முடித்த சுழற்சி நிதிகளில்கூட அரைவாசிப் பெறுமதிதான் மிஞ்சியது. திரும்பி வந்த காசு முன்பு வாங்கிய விதைநெல்லை வாங்கவில்லை.

இதற்கு மேல் கடன் என்ற சொல்லே எங்கள் பெண்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஏ9 பாதை திறந்தபின் நுண்கடன் கம்பனிகள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கின. ஐந்து பேர் குழு, ஒருவருக்கு மற்றவர் பிணை, கிழமைக்குக் கிழமை தவணை. இவர்களை ஒழுங்குபடுத்த 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்த பிறகும் நிலைமை அடங்கவில்லை. வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த சிறு கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே தள்ளுபடி அறிவிக்க வேண்டிய நிலை வந்தது என்றால் எவ்வளவு முற்றியிருக்கும் என்று பாருங்கள். தவணைக்காரர் வரும் நாளில் கதவைச் சாத்திவிட்டுக் கிணற்றடிக்குப் பின்னால் பிள்ளையோடு குந்தியிருந்த வீடுகள் எனக்குத் தெரியும். ஏற்கனவே கடையோ அரிசி மில்லோ ஓடுகிற ஒருவருக்கு வட்டியில்லாக் கடன் உதவும். உங்கள் இருபதில் அப்படி ஒருவருமில்லை.

மாதாமாதம் ஏழாயிரம், எட்டாயிரம் என்று கொடுக்கலாமா? அதை அரசாங்கம் செய்கிறது. 1995 முதல் சமுர்த்தி, 2023 முதல் அஸ்வெசும. ஆகக் கீழே உள்ளவர்களுக்கு மாதம் 15,000 என்று தொடங்கி 2025இல் 17,500 ஆக்கினார்கள், அடுத்த படிக்கு 8,500ஐ 10,000 ஆக்கினார்கள். நேரே வங்கிக்கு வரும். மாதக் காசு பானையை நிரப்பும், அதில் பிழை ஒன்றுமில்லை. கென்யாவில் கிவ்டிரெக்ட்லி என்ற அமைப்பு கொடுத்த காசை ஆராய்ந்தவர்களும் இதையே கண்டார்கள்: மாதாமாதம் வாங்கியவர்களின் வீட்டில் சாப்பாடு சீரானது, மொத்தமாக வாங்கியவர்கள் தகரக் கூரை போட்டார்கள், வீட்டுக்குச் சாமான் வாங்கினார்கள். நம் பெண்களுக்கு இது ஆய்வில்லாமலே தெரியும். இல்லாவிட்டால் அஸ்வெசும வந்த அன்றே ஏன் சீட்டுக்குக் கட்டுகிறார்கள்? சிறு காசைப் பெரிய காசாக்கத்தான். நீங்கள் பெரிய காசாகவே கொடுக்கலாம் என்றிருக்க, அதைத் துண்டு துண்டாக்கி அவர்களைத் திரும்பச் சீட்டுக் கட்ட வைப்பானேன்?

ஆகவே மொத்தக் காசு. இதில் எனக்கிருக்கும் நம்பிக்கை ஒரு களவில் பிறந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

தருமபுரம் பக்கம் ஒருமுறை குடும்பத்துக்கு 35,000 ரூபா கொடுத்தோம். வாழ்வாதாரத்துக்கு மட்டும், பில் காட்ட வேண்டும் என்பது விதி. ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள், கணவர் இல்லை. கிழித்த கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் தன் திட்டத்தை எழுதி வந்திருந்தார். தோடு மீட்க, மகளுக்குச் சைக்கிள், கச்சான் விதை, வேலிக்கு முட்கம்பி. நான் சிவப்புப் பேனாவால் முதல் இரண்டையும் வெட்டினேன். தோடும் சைக்கிளும் வாழ்வாதாரமில்லை, விதி அப்படி. அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு கிழமை கழித்துப் பில் வந்தது, முழு 35,000க்கும் கச்சான் விதை. கடைக்காரர் நல்ல மனுசர், கேட்டபடி எழுதிக் கொடுத்திருக்கிறார். அவ்வளவு விதையை விதைக்க ஏக்கர் கணக்கில் காணி வேண்டும், அவருக்கிருந்தது அரை ஏக்கர். நான் கோவையில் போட்டுவிட்டேன். அடுத்த முறை போனபோது மகள் பள்ளிக்கூடத்தால் வந்து புதுச் சைக்கிளை மாமரத்தில் சாத்தினாள். ஏ.எல். படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்பது கிலோமீற்றர் தள்ளி, காலைப் பஸ் வந்தால்தான் உண்டு. அம்மாவின் காதில் தோடு இருந்தது. அடுத்த விதைப்புக்கு முன் அந்தத் தோடு திரும்ப அடகுக்குப் போகும், அறுவடைக்குப் பிறகு மீளும். வங்கி கடன் கொடுக்காத வீட்டுக்கு அந்த அரைப்பவுண்தான் வங்கி. இதெல்லாம் எனக்கு விளங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது.

ஆடு கொடுத்தால் ஆடு வளர்ப்பதுதான் அந்தக் குடும்பத்தின் இலட்சியம் என்று நாங்களாகத் தீர்மானித்துவிடுகிறோம். நான் கேட்ட வீடுகளில் முதலில் வரும் பதில் பிள்ளையின் படிப்பு. அடுத்தது கடனிலிருந்து வெளியே வருவது. மூன்றாவது மதில் அல்லது கதவு. பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் அது இரண்டாவதாக வரும். இவை எதுவும் வாழ்வாதாரப் படிவத்தில் இல்லாத விடயங்கள். குறிப்பாகக் கடன். கொடுத்த காசில் நுண்கடனை அடைத்தால் "காசு வீண்" என்று கமிட்டிகள் எழுதுகின்றன. கிழமைத் தவணை நின்றுபோனால் அந்த வீட்டுக்கு மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் பாருங்கள், எந்த ஆடும் அவ்வளவு பால் தராது.

குடி? பத்தொன்பது ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு வேலை 2017இல் அச்சாகியிருக்கிறது, காசு கொடுத்ததால் குடிக்கும் புகைக்கும் செலவு கூடவில்லை என்பதே அதன் முடிவு. நான் கண்டதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒருவர் குடித்தார். காசு வர முன்னரும் குடித்தவர்தான். இன்னொரு வீட்டில் மகளின் சாமத்தியச் சடங்கை வீடியோவும் பந்தலுமாகச் செய்து முடித்தார்கள், எனக்கு அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இருபதில் ஒன்றிரண்டு அப்படித்தான் போகும். செத்த ஆடுகளை எண்ணிப் பார்த்தால் அது குறைவு.

கென்யாவின் இன்னொரு கணக்கைச் சங்கக் கூட்டத்தில் யாராவது தூக்கிப் பிடிக்கக்கூடும். 653 கிராமங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு ஆளுக்கு ஏறத்தாழ ஆயிரம் டொலர் கொடுத்ததில், ஒவ்வொரு டொலரும் அந்தப் பகுதியில் இரண்டரை டொலராகச் சுழன்றது, விலைவாசியும் ஏறவில்லை. உண்மைதான். ஆனால் இருபது குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு இங்கேயும் அப்படி ஆகும் என்று துண்டுப் பிரசுரம் அடிக்க வேண்டாம். எங்கள் ஊரில் செலவாகும் காசு ஒரே நாளில் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பஸ் ஏறிவிடும்.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் கமிட்டி தன் மூளையைச் செலவழிக்க வேண்டும் என்பேன். முதல் பாதியை ஆவணி முடிய முன் கொடுங்கள். விதைநெல்லும் பசளையும் கடனுக்கு எடுத்தவர் அறுவடையன்றே களத்தில் வைத்து, வியாபாரி சொன்ன விலைக்கு நெல்லை அளந்துவிட வேண்டும். கையில் காசோடு விதைத்தவர் மூடையை வீட்டில் அடுக்கிவிட்டு விலை ஏறும்வரை பொறுக்கலாம். அந்த ஒரு மாதப் பொறுமைதான் அவருக்குக் கிடைக்கும் இலாபம். மீதிப் பாதியைப் பங்குனியில் கொடுங்கள்; கூரை மாற்றவும் கிணறு ஆழமாக்கவும் வெயில் காலம் வேண்டும். வைகாசிக்குத் தள்ளினால் வற்றாப்பளைப் பொங்கலோடு கொஞ்சம் கரையும், அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். அதுவரை மீதிக் காசைக் கனடாவிலேயே டொலராக வைத்திருங்கள். கணக்கு வீட்டுத் தலைவியின் பெயரில் இருக்கட்டும். பில் கேட்க வேண்டாம், கேட்டால் கச்சான் பில்தான் வரும்.

பதாகையும் வேண்டாம், படமும் வேண்டாம். இதில் ஒரு காரணம் மானம். இன்னொன்று, அஸ்வெசுமவுக்குப் பார்க்கும் 22 அளவுகோல்களில் சொத்தும் வருவதால், ஆட்டோடு நிற்கிற படம் முகநூலில் வந்தால் தன் பெயர் வெட்டுப்படுமோ என்று சனம் பயப்படுகிறது. மூன்றாவது காரணம் கொஞ்சம் பாரமானது. பட்டியலில் உள்ள நாலு வீடுகள், ஆள் காணாமல் ஆக்கப்பட்ட வீடுகள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் இருந்த தாய்மார் அரசாங்கத்தின் காசை வேண்டாம் என்றவர்கள். 2022 மார்ச்சில் ஒரு இலட்சம் தருகிறோம் என்ற அறிவிப்பு வந்தபோதும், "பிள்ளைக்கு விலையா?" என்றுதான் கேட்டார்கள். ஆகவே உங்கள் கடிதத்தில் "நிவாரணம்", "இழப்பீடு" என்ற சொற்கள் எங்கேயும் வரக் கூடாது. ஊர்க் காசு என்று எழுதுங்கள், போதும். அந்த நாலு வீட்டுக்கும் நானே முதலில் தனியாகப் போய்க் கேட்கிறேன்.

இருபது பெயரையும் பொதுநோக்கு மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் வாசித்த பிறகே இறுதியாக்குவோம். சண்டை வரும். வரட்டும், காசு வந்த பிறகு வருவதைவிட முதலே வருவது நல்லது. கிணற்றுக்கும் மதகுக்கும் காசு வேண்டும் என்று ஒருவர் கட்டாயம் எழும்புவார். மதகைத் தனி வீட்டுக் காசால் கட்ட முடியாது என்பது சரிதான். அதற்குப் பிரதேச சபையும் கமக்காரர் அமைப்பும் இருக்கின்றன, இந்த முப்பது இலட்சத்தில் கைவைக்க விட மாட்டேன்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்திருக்கிறேன், என்ன செய்ய ஆசை என்று எழுதித் தரச்சொல்லி. ஏழு தாள் வந்துவிட்டது. ஒன்றில் "தோடு" என்று மட்டும் இருக்கிறது. சிவப்புப் பேனா இப்போது என்னிடம் இல்லை. மிச்சம் பதின்மூன்றும் வந்ததும் அப்படியே படமெடுத்து வட்ஸ்அப்பில் போடுகிறேன்.